எந்தக் கட்சியிலும் மனம் ஒட்டாதவர் வாக்கை என்ன செய்வது? பிரித்தானியத் தேர்தலுக்கு முன் ஓர் ஒப்பீடு

பிரித்தானியாவின் அடுத்த பொதுத்தேர்தல் சட்டப்படி 2029 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் நடந்தாக வேண்டும். பாராளுமன்றத்தின் ஆயுளை நிலையாக வரையறுத்த 2011ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் நீக்கப்பட்டுவிட்டதால், பிரதமர் விரும்பினால் அது முன்னதாகவும் வரலாம். எப்போது வந்தாலும், ‘எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி’ என்ற சலிப்போடுதான் பலர் வாக்குச்சாவடிக்குப் போவார்கள்; பலர் போகாமலே இருந்துவிடுவார்கள். அந்தச் சலிப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் சலிப்புற்ற வாக்காளருக்கு முன்னே பல வழிகள் இருக்கின்றன என்பதும், ஒவ்வொரு வழியின் விளைவும் வேறு என்பதும் போதிய அளவு பேசப்படுவதில்லை. இங்கே ஒப்பிடுவது வெஸ்ட்மின்ஸ்டர் பொதுத்தேர்தலுக்குரிய வழிகளை மட்டுமே. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் சட்டமன்றங்களுக்கு வேறு தேர்தல் முறைகள் உள்ளன.

முதலில் கோபத்தின் காரணங்களைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவை எந்த ஒரு கட்சிக்கும் மட்டும் உரியவை அல்ல. 2009இல் பாராளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் வெளியானபோது, மாளிகையின் அகழியைத் துப்புரவாக்கும் செலவு வரை மக்கள் வரிப்பணத்தில் கோரப்பட்டிருந்தது தெரியவந்தது. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று எழுதிக் கையொப்பமிட்ட லிபரல் டெமாக்ரட் கட்சி, கூட்டணி அரசில் சேர்ந்ததும் கட்டண உச்சவரம்பை 9,000 பவுனாக உயர்த்த உடன்பட்டது. கன்சர்வேட்டிவ் ஆட்சியில், கொரோனாக் கால ஊரடங்கின்போது அரச அலுவலகங்களில் நடந்த விருந்துகளுக்காக 126 அபராதங்கள் விதிக்கப்பட்டன. 2022 செப்டெம்பரில் லிஸ் ட்ரஸ் அரசு முன்வைத்த வரவுசெலவு அறிவிப்பு, வீட்டுக்கடன் வட்டியை ஏற்றிவிட்டு அந்த அரசையே கவிழ்த்தது. அவர் பதவியில் இருந்தது 49 நாட்கள். தொழிற்கட்சி 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த அதே மாதத்தில், தேர்தல் அறிக்கையில் சொல்லியிராத ஒரு முடிவாக, ஏறத்தாழ ஒரு கோடி முதியவர்களின் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2025 ஜூனில் பெரும்பாலானோருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது. உப தபாலதிபர்கள் 900க்கும் மேற்பட்டோர் பழுதான கணினிக் கணக்கின் பேரில் குற்றவாளிகளாக்கப்பட்ட ஹொரைசன் விவகாரமோ, மூன்று பெரிய கட்சிகளின் அமைச்சர்களும் பொறுப்பில் இருந்த காலத்தில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது.

இந்தக் கோபம் 2024 தேர்தல் முடிவில் அப்படியே தெரிந்தது. தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்குகளோடு 650 இடங்களில் 411ஐப் பெற்றது. பதிவுசெய்த வாக்காளர்களை வைத்துக் கணக்கிட்டால், நூற்றுக்கு இருபது பேர் அளித்த ஆதரவு நூற்றுக்கு அறுபத்துமூன்று இடங்களைக் கொடுத்திருக்கிறது. வலதுசாரிக் கட்சியான ரிஃபோர்ம் யூகே 14.3 சதவீதத்துடன் ஐந்து இடங்களும், லிபரல் டெமாக்ரட் அதைவிடக் குறைவாக 12.2 சதவீதத்துடன் 72 இடங்களும் பெற்றன. 1951இல் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் இரண்டு பெரிய கட்சிகளுக்குள் ஒன்றுக்கு வாக்களித்த நாட்டில், 2024இல் அவ்விரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது 57.4 சதவீதம். தொகுதியில் ஒரு வாக்கேனும் கூடப் பெற்றவர் வென்றவர் என்ற முறை, இரண்டு கட்சிகள் மட்டும் மோதும்போது ஓரளவுக்குப் பொருந்தும். ஐந்து கட்சிகள் மோதும்போது அது வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பையே அறுத்துவிடுகிறது. இதை மாற்ற ஒரு வாய்ப்பு 2011இல் வந்தது. விருப்பு வரிசைப்படி வாக்களிக்கும் முறை பற்றிய சர்வசன வாக்கெடுப்பில் 42 சதவீதத்தினர் மட்டுமே வாக்களிக்க, அவர்களில் 67.9 சதவீதத்தினர் வேண்டாம் என்றனர். ஆகவே இருக்கும் முறைக்குள் நின்றுதான் முடிவெடுக்க வேண்டியுள்ளது.

எளிதான வழி வீட்டில் இருந்துவிடுவது. 2024இல் வாக்களித்தோர் 60 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 1.9 கோடிப் பேர் வாக்களிக்கவில்லை, அதாவது வென்ற கட்சி பெற்ற வாக்கைப் போல் இரு மடங்கு. இத்தனை பேர் ஒதுங்கினால் அதுவே ஒரு தீர்ப்பாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது என்பதற்கு 2012 நவம்பரில் நடந்த காவல்துறை ஆணையர் தேர்தலே சான்று. அதில் வாக்களித்தோர் சுமார் 15 சதவீதம். வேல்ஸின் நியூபோர்ட் நகரில் ஒரு வாக்குச்சாவடியில் நாள் முழுவதும் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. ஆயினும் ஆணையர்கள் அனைவரும் பதவியேற்று முழுச் சம்பளத்தோடு முழு அதிகாரத்தையும் பயன்படுத்தினார்கள். இத்தனை பேராவது வாக்களித்தால்தான் தேர்தல் செல்லும் என்ற விதி பிரித்தானியாவில் கிடையாது.

ஒதுங்குவதில் வெளியே தெரியாத இன்னொரு நட்டமும் இருக்கிறது. வாக்குச்சாவடியில் நம் பெயரைக் கேட்டு, பட்டியலில் அதற்கு நேரே அலுவலர் ஒரு கோடு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் குறியிடப்பட்ட பட்டியலின் பிரதியை, தேர்தல் முடிந்தபின் கட்சிகள் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம். யாருக்கு வாக்களித்தோம் என்பது அதில் இருக்காது; வாக்களித்தோமா என்பது மட்டும் இருக்கும். அடுத்த தேர்தலில் எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டுவது என்று திட்டமிடும் தொண்டர்கள் இந்தப் பட்டியலை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். தொடர்ந்து வாக்களிக்காத வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அவ்வீட்டாரின் குறை என்ன என்று கேட்கப்படுவதும் இல்லை. முதியவர்கள் இளையவர்களைவிடப் பெருமளவில் வாக்களிக்கிறார்கள் என்பதும், ஓய்வூதிய உயர்வுக்கான மும்மடி உத்தரவாதத்தில் (விலைவாசி, ஊதியம், 2.5 சதவீதம் ஆகியவற்றில் எது கூடுதலோ அந்த அளவுக்கு உயர்வு என்ற உறுதியில்) கைவைக்கப் பெரிய கட்சிகள் அஞ்சுகின்றன என்பதும், மாணவர் கட்டணத்தை உயர்த்துவதில் அவற்றுக்கு அவ்வளவு அச்சம் இருந்ததில்லை என்பதும் தற்செயலாக ஒன்றாக நேர்ந்தவை என்று நான் நம்பவில்லை.

வாக்களிக்காமல் இருப்பதைவிடவும் மோசமானது பதிவு செய்யாமலே இருப்பது. தொகுதிகளின் எல்லைகள் மக்கள்தொகையை வைத்து வரையப்படுவதில்லை, பதிவுசெய்த வாக்காளரின் எண்ணிக்கையை வைத்து வரையப்படுகின்றன. 2024இல் நடைமுறைக்கு வந்த எல்லைகள், தீவுத் தொகுதிகள் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒவ்வொரு தொகுதியிலும் 69,724 முதல் 77,062 வரை வாக்காளர் இருக்கும்படி, 2020 மார்ச் 2ஆம் தேதியின் பதிவேட்டை வைத்து வகுக்கப்பட்டவை. வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறுவோர் நிறைந்த நகர்ப்பகுதிகளில் பலர் பதிவு செய்யாமல் விடும்போது, அப்பகுதிக்குக் கிடைக்கும் இடங்களே குறைந்துபோகின்றன. பக்கத்து வீட்டார் ஒழுங்காக வாக்களித்தாலும் அந்த இழப்பை அவர்களும் சேர்ந்தே சுமக்கிறார்கள்.

அடுத்தது, போய் வாக்குச் சீட்டைச் செல்லாததாக்கிவிட்டு வருவது. இதைச் செய்பவர் சோம்பலால் ஒதுங்கியவர் அல்லர். வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, தன் மறுப்பைப் பதிவுசெய்கிறார். குறியிடப்பட்ட பட்டியலிலும் அவருடைய பெயர் வரும் என்பதால், வீட்டில் இருப்பதைவிட இது மேல். ஆனால் அந்த மறுப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாக்கெண்ணும் மண்டபத்தில் ஐயத்துக்குரிய சீட்டுகள் தனியே ஒரு மேசைக்கு வருகின்றன. தேர்தல் அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, கட்சிகளின் முகவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். வெற்றுச் சீட்டு, இரண்டு பெயர்களுக்கு நேரே குறியிட்ட சீட்டு, அரசியல்வாதிகளைத் திட்டி நாலு வரி எழுதிய சீட்டு எல்லாம் சில நொடிகளில் தீர்க்கப்பட்டு நிராகரிக்கப்பட்ட கட்டுகளுக்குள் போகின்றன. அந்த நாலு வரியைப் படிப்பவர்கள் அந்த மேசையைச் சுற்றி நிற்கும் சிலர் மட்டுமே. வெளியே அறிவிக்கப்படும் எண்ணிக்கையில், தவறுதலாகக் குறியிட்ட முதியவரும் மனம் கசந்து கிறுக்கிய இளைஞரும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். இந்தியாவில் 2013 முதல் இருக்கும் நோட்டா போன்ற தனிக் கட்டம் பிரித்தானியச் சீட்டில் கிடையாது.

அந்த எதிர்ப்பு, எதிர்க்கப்பட்டவருக்கே வாக்காக மாறும் ஆபத்தும் உண்டு. 2015 தேர்தலில் வேல்ஸின் மொன்ட்கொமரிஷயர் தொகுதியில் ஒரு வாக்காளர், கன்சர்வேட்டிவ் வேட்பாளர் கிளின் டேவிஸின் பெயருக்கு நேரே இருந்த கட்டத்துக்குள் ஆபாசமான படம் ஒன்றை வரைந்திருந்தார். அது கட்டத்துக்கு வெளியே போகாமல் ஒழுங்காக உள்ளே அடங்கியிருந்ததால், வாக்காளரின் விருப்பம் தெளிவாக உள்ளது என்று முடிவாகி, அவருக்கான செல்லுபடியான வாக்காகவே எண்ணப்பட்டது. இதைச் சொன்னவர் டேவிஸ்தான். சட்டம் வாக்காளரின் கோபத்தைத் தேடுவதில்லை, தெரிவைத்தான் தேடுகிறது.

இனி, பெரிய கட்சிகளை விட்டு, மனத்துக்கு உகந்த சிறிய கட்சிக்கு வாக்களிப்பது. ‘வாக்கு வீணாகும்’ என்பதுதான் இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். இடங்களை மட்டும் எண்ணினால் அது உண்மை. 1983இல் சமூக ஜனநாயக, லிபரல் கூட்டணி 25.4 சதவீத வாக்குகளுக்கு 23 இடங்களைப் பெற்றது, 27.6 சதவீதம் பெற்ற தொழிற்கட்சிக்கு 209 இடங்கள் கிடைத்தன. 2015இல், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகக் கோரிய யூகிப் கட்சிக்கு 38 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தும் கிடைத்தது ஒரே இடம். ஆயினும் யூகிப்புக்கு ஆண்டுக்கணக்காக விழுந்துவந்த வாக்குகள் வீணாயின என்று யார் சொல்ல முடியும்? அக்கட்சியின் வளர்ச்சிக்கு அஞ்சித்தான் 2013 ஜனவரியில் அன்றைய பிரதமர் டேவிட் கெமரூன் ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய சர்வசன வாக்கெடுப்பை உறுதியளித்தார். 2016இல் நாடே ஒன்றியத்தை விட்டு விலக முடிவெடுத்தது. அந்த விளைவை நான் விரும்பவில்லை. ஆனால் பாராளுமன்றத்தில் கைவிரல்களுக்குக்கூட எண்ணிக்கை காணாத ஒரு கட்சி, தோற்ற வாக்குகளைக் கொண்டே நாட்டின் திசையை மாற்றியது என்பது மறுக்க முடியாத வரலாறு.

பணம் தொடர்பான ஒரு விவரமும் இங்கே முக்கியம். எதிர்க்கட்சிகளின் பாராளுமன்றப் பணிகளுக்கு அரசு வழங்கும் ‘ஷோர்ட் மணி’ என்ற நிதி, வென்ற இடங்களின் எண்ணிக்கையோடு, நாடு முழுவதும் பெற்ற ஒவ்வொரு 200 வாக்குக்கும் இவ்வளவு என்ற கணக்கிலும் கிடைக்கிறது. இரண்டு இடங்களோ, ஓர் இடமும் ஒன்றரை இலட்சம் வாக்குகளுமோ பெற்ற கட்சி அதற்குத் தகுதி பெறும். ஆகவே, ஒரு தொகுதியில் தோற்கும் பசுமைக் கட்சி வாக்கும் அக்கட்சியின் ஆய்வாளர்களுக்குச் சம்பளமாகலாம். ஐந்து சதவீதத்துக்கு மேல் பெற்றால் வேட்பாளர் 500 பவுன் கட்டுப்பணத்தையும் இழப்பதில்லை. இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டால் அடுத்த தேர்தலில் அவரே மாற்று என்று பேசப்படுவார். இவையெல்லாம் சிறிய ஆதாயங்கள்தான். ஆனால் நிராகரிக்கப்பட்ட சீட்டுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

சுயேச்சைக்கு வாக்களிப்பது இதற்கு அடுத்ததாகத் தோன்றினாலும், உண்மையில் அது தனி வகை. சுயேச்சை வெல்வது அரிது. வென்ற இடங்கள் சிலவற்றைப் பார்த்தால், ஒரே விடயத்தில் ஊரே கொதித்துப்போயிருந்ததும், ஏதோ ஒரு பெரிய கட்சி விலகி வழிவிட்டதும் தெரியும். 1997இல் டாட்டனில் முன்னாள் பிபிசி செய்தியாளர் மார்ட்டின் பெல் வென்றபோது தொழிற்கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் வேட்பாளரை விலக்கிக்கொண்டன. 2001இல் வையர் ஃபாரஸ்ட் தொகுதியில், கிடர்மின்ஸ்டர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு மூடப்பட்டதை எதிர்த்து நின்ற ஓய்வுபெற்ற மருத்துவர் ரிச்சர்ட் டெய்லர் 17,630 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார், 2005இலும் வென்றார். ஆயினும் அந்த அவசர சிகிச்சைப் பிரிவு திரும்ப வரவில்லை. ஊரின் குரலைப் பாராளுமன்றத்துக்குள் கொண்டுபோக ஒரு தனி மனிதரால் முடியும். முடிவை மாற்றுவதற்கு வேண்டிய எண்ணிக்கை அவரிடம் இல்லை.

2024இல் காஸாப் போரின் பின்னணியில் பிளாக்பேர்ன், லெஸ்டர் தெற்கு உள்ளிட்ட நான்கு தொகுதிகளில் சுயேச்சைகள் தொழிற்கட்சியைத் தோற்கடித்தார்கள். இஸ்லிங்டன் வடக்கில் ஜெரமி கோர்பினும் சுயேச்சையாக வென்றார். நம்மவர் பலர் வாழும் இல்ஃபர்ட் வடக்கில், பின்னர் சுகாதார அமைச்சரான வெஸ் ஸ்ட்ரீட்டிங்கை ஓர் இளம் சுயேச்சை வேட்பாளர் 528 வாக்குகள் என்ற அளவுக்கு நெருங்கி வந்தார். அதே இரவில், சில மைல் தொலைவிலுள்ள சிங்ஃபர்டில் நேர்ந்தது இந்த வழியின் மறுபக்கம். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது தொழிற்கட்சி நீக்கிய ஃபைஸா ஷாஹீன் சுயேச்சையாக நின்றார். அவரும் புதிய தொழிற்கட்சி வேட்பாளரும் ஆளுக்குச் சுமார் 12,500 வாக்குகளைப் பங்கிட்டுக்கொள்ள, 17,000 வாக்குகளை ஒட்டிப் பெற்ற கன்சர்வேட்டிவ் மூத்தவர் இயன் டங்கன் ஸ்மித் வென்றார். அத்தொகுதியில் அவரை விரும்பாதவர்களே பெரும்பான்மை.

நம்மவர்கள் இதை அறிந்தவர்கள். 2009 வசந்தத்தில் இலங்கைப் போரை நிறுத்தக் கோரிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் நின்ற மக்களுக்கு எல்லாக் கட்சியினரும் வந்து ஆறுதல் சொன்னார்கள், போர் நிற்கவில்லை. அந்த ஜூனில் நடந்த ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் லண்டனில் சுயேச்சையாக நின்ற ஜனனி ஜனநாயகம் 50,014 வாக்குகள் பெற்றார். எட்டு இடங்கள் கொண்ட அந்தப் பெருந்தொகுதியில் அது மூன்று சதவீதத்தை நெருங்கியதேயொழிய, ஓர் இடத்துக்குப் போதவில்லை. 2015இல் ஹரோ கிழக்கில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று தோற்ற உமா குமரன், கட்சிக்குள்ளேயே தொடர்ந்து பணியாற்றி, 2024இல் ஸ்ட்ராட்ஃபர்ட், போ தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார். இவ்விருவரில் யார் செய்தது சரி என்று கேட்பது பொருத்தமற்றது. அவர்கள் நின்ற சூழலும் நோக்கமும் வேறு. ஆனால் ஒரு சமூகத்தின் துயரத்தை உலகுக்கு எண்ணிக்கையாகக் காட்ட முதல் வழி உதவியது. அவையில் அமர்ந்து கேள்வி கேட்க இரண்டாவது வழியே உதவியது. தேர்ந்தெடுக்கும்போது இவற்றில் எது வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும்.

இன்றைய பிரித்தானியாவில் மிக வேகமாகப் பரவிவரும் வழி, விரும்பாதவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்கு வாக்களிப்பது. ‘யார் குத்தியும் அரிசியானால் சரி’ என்ற கணக்கு இது. 2021 ஜூனில் செஷாம், அமர்ஷாம் இடைத்தேர்தலில், 1974இல் அத்தொகுதி உருவானது முதல் கன்சர்வேட்டிவ் வசமே இருந்த இடத்தை லிபரல் டெமாக்ரட் கைப்பற்றியது. நாட்டின் பிரதான எதிர்க்கட்சியான தொழிற்கட்சிக்கு அங்கே விழுந்த வாக்குகள் 622. எந்தத் தலைவரும் உத்தரவிடாமல், வாக்காளர்களே கூடிப் பேசியதுபோல் நடந்துகொண்டார்கள். வேல்ஸ் சட்டமன்றத்துக்கானதாயினும், 2025 அக்டோபரில் நடந்த கேர்ஃபிலி இடைத்தேர்தலிலும் இதே போக்குத் தெரிந்தது: நூறாண்டு காலத் தொழிற்கட்சிக் கோட்டையில் அக்கட்சி சுமார் 11 சதவீதத்துக்குச் சரிந்தது; ரிஃபோர்மைத் தடுக்க விரும்பியவர்களில் பலர் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கிம்ரியின் பின்னே திரண்டார்கள், அது வென்றது.

ஒரு வாக்கின் எடை மிகக் கூடுதலாக இருப்பது இந்த வழியில்தான். 2024இல் ஹெண்டன் தொகுதியில் தொழிற்கட்சி வென்றது 15 வாக்குகளால். பூலில் 18 வாக்குகளால். 2025 மேயில் ரன்கோர்ன், ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில், ஓராண்டுக்கு முன் தொழிற்கட்சி சுமார் 14,700 வாக்குகள் வித்தியாசத்தில் வென்ற இடத்தை, ரிஃபோர்ம் ஆறே வாக்குகளால் பறித்தது. ஆறு பேர் என்பது ஒரு வீட்டுக் குடும்பம். அன்று மழையையோ அலுப்பையோ காரணம் சொல்லி வீட்டில் இருந்துவிட்ட குடும்பங்கள் அத்தொகுதியில் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தோற்கடிப்பதற்காகப் போட்ட வாக்கையும் வென்றவர் தம் கொள்கைக்குக் கிடைத்த ஆணை என்றே எடுத்துக்கொள்வார். சீட்டில் ‘வேறு வழியின்றி’ என்று எழுத இடமில்லை. இன்னொரு சிக்கல், யார் வெல்லக்கூடியவர் என்று அறிவது. கதவிடுக்கில் விழும் துண்டறிக்கைகளில் ‘இங்கே எங்களால்தான் முடியும்’ என்று ஒரு வரைபடம் இருக்கும். அதன் கீழே மிகச் சிறிய எழுத்தில், அந்த எண்கள் உள்ளூராட்சித் தேர்தலுக்குரியவை என்றோ, வேறொரு தேர்தலின் முடிவு என்றோ போட்டிருப்பார்கள். அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். உங்கள் தொகுதியின் கடந்த பொதுத்தேர்தல் முடிவை நீங்களே பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இடையில் எல்லை மாறியிருந்தால் பழைய முடிவு அப்படியே பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்சியை மறந்து வேட்பாளரைப் பார்ப்பதும் ஒரு வழி. பழைய பாணி என்று இதை ஒதுக்குகிறவர்கள் ஹொரைசன் வரலாற்றை மீண்டும் படிக்க வேண்டும். கட்சிகள் அனைத்தும் கைவிட்ட அந்தத் தபாலதிபர்களுக்காகப் பாராளுமன்றத்தில் ஆண்டுக்கணக்காகப் போராடியவர்களில் இருவர், ஹாம்ப்ஷயர் வடகிழக்கின் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஜேம்ஸ் ஆர்பத்நொட், டர்ஹம் வடக்கின் தொழிற்கட்சி உறுப்பினர் கெவன் ஜோன்ஸ். தம் தொகுதியில் பாதிக்கப்பட்டவர் வந்து சொன்னதை நம்பியதுதான் இவர்கள் செய்த முதல் வேலை. விசா, வீடு, பிள்ளையின் பள்ளி இடம் என்று உறுப்பினரின் அலுவலகத்தை நாடிப் போன எவருக்கும், பதில் எழுதும் உறுப்பினருக்கும் எழுதாத உறுப்பினருக்கும் உள்ள தூரம் தெரியும். பெரிய கொள்கைகளில் உறுப்பினர் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்படுவார் என்பது உண்மையே. அதனால் ஆட்சியை மாற்ற இந்த வழி உதவாது. தொகுதியில் நல்ல பணியாளர் ஒருவர் இருந்தால், அவரைக் கட்சியின் பாவத்துக்காகத் தண்டிப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்கவே இது உதவும்.

கடைசி வழி வாக்குச் சீட்டுக்கு வெளியே இருக்கிறது. பிடிக்காத கட்சிகளில் ஒன்றில் உறுப்பினராகச் சேர்வது என்பது, கோபத்தில் இருப்பவருக்கு அருவருப்பாகவே தோன்றும். ஆனால் 2022 கோடையில் நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுத்தவர்கள், வாக்குரிமை பெற்றிருந்த 172,437 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் மட்டுமே. அவர்களில் 81,326 பேர் லிஸ் ட்ரஸ்ஸுக்கும் 60,399 பேர் ரிஷி சுனக்குக்கும் வாக்களித்தார்கள். நான்கு கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் கையும் ஓங்குகிறது. தொகுதி வேட்பாளர் தேர்வில் சில நூறு பேரின் விருப்பமே முடிவாகலாம். பாதுகாப்பான தொகுதியில் அந்தத் தேர்வுதான் உண்மையான தேர்தல். தலைமை அலுவலகம் கடைசி நேரத்தில் தன் ஆளைத் திணித்துவிடும் என்பதற்குச் சிங்ஃபர்ட் சான்றாக நிற்கிறது. ஆனாலும் உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தால் அப்படித் திணிப்பது எளிதல்ல.

இவற்றில் எதைத் தேர்வது என்பது, என் மதிப்பீட்டில், கொள்கையைவிட முகவரியையே பொறுத்தது. கடந்த முறை சில ஆயிரம் வாக்குகளுக்குள் முடிவான தொகுதியில் வாழ்பவர், தமக்கு மிகத் தீங்கானவர் என்று கருதுபவரைத் தடுக்கக்கூடியவருக்கே வாக்களிக்க வேண்டும். அங்கே மனநிறைவுக்காக வாக்களிப்பது பிறர் கொடுக்க வேண்டிய விலை. ஈஸ்ட் ஹாம் போல ஒரே உறுப்பினர் 1994 முதல் அப்பகுதியைப் பிரதிநிதித்துவம் செய்துவரும் இடத்தில் வாழ்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் தாம் உண்மையில் நம்பும் கட்சிக்கு வாக்களித்து அதன் எண்ணிக்கையை உயர்த்தலாம், நேரம் இருந்தால் ஆளும் கட்சியின் உள்ளூர்க் கிளையில் சேர்ந்து வேட்பாளர் தேர்வில் குரல் கொடுக்கலாம். பாதுகாப்பான தொகுதி என்ற சொல்லையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. நோர்ஃபோக் தென்மேற்கில் 2019இல் 26,195 வாக்குகள் வித்தியாசத்தில் வென்ற லிஸ் ட்ரஸ், 2024இல் 630 வாக்குகளால் தோற்றார். அவரை வென்றவர் பெற்றதே 26.7 சதவீதம்தான். வேட்பாளர் எவருமே தாங்க முடியாதவராக இருந்தால் சீட்டை வெறுமையாகப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் இருப்பதற்கு மட்டும் எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை.

நம் சமூகத்தில் பலர் தெரிவு செய்யும் நிலைக்கே வராமல் போவதற்குக் காரணம் கோபம் அல்ல, தகவலின்மை. இலங்கை, இந்திய, மலேசியக் குடியுரிமை உள்ளவர்கள் பொதுநலவாய நாட்டவர் என்பதால், மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தாலும், 18 வயது நிரம்பி இங்கே சட்டபூர்வமாக வசித்தால் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். பிரெஞ்சு, ஜெர்மன் குடியுரிமை மட்டும் வைத்துக்கொண்டு லண்டனுக்கு வந்த நம் உறவினர்களுக்கு அந்த உரிமை இல்லை. பதிவுக்கான கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன், நள்ளிரவு வரை. தபால் வாக்குக்கு 11 வேலை நாட்களுக்கு முன், மாலை 5 மணி வரை. வாக்குச்சாவடியில் காட்டப் பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு போதும், முகம் அடையாளம் தெரியுமானால் காலாவதியானதும் ஏற்கப்படும். முதியவரின் ஓய்ஸ்டர் அட்டை ஏற்கப்படுகிறது, இளையவரின் அட்டை ஏற்கப்படுவதில்லை. கையில் எதுவும் இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு ஆறு வேலை நாட்களுக்கு முன், மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பித்தாலும் கிடைக்கும்.